இரு தோழியரையும் ஒப்பிடுக

என் மகள் பதினோராம் வகுப்பில் ஓ.எல். சோதனைக்குப் படித்த வருஷத்தில், இலக்கியப் பாடத்துக்கு ஒரு நாவல் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்து பெரியவர்களாகிற கதை. நான் முழுவதுமாக வாசித்த நாவல் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். நானும் ஓ.எல். வரை படித்தவள். ஆனால் எங்கள் காலத்தில் கதைச் சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், அதை மனப்பாடம் செய்வோம். இந்த நாவலை, மகள் வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போன நாட்களில், சோறு கொதிக்கிற நேரத்தில், அடுப்படி வாசலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். படலையில் ஆள் சத்தம் கேட்டால் புத்தகத்தைச் சுளகுக்குக் கீழே வைத்துவிடுவேன். வாசிப்பதில் பிழை ஒன்றும் இல்லை. வெங்காயத் தோட்டக்காரரின் மனைவி நாவல் வாசிக்கிறாள் என்று ஒருவர் சிரித்தால்கூட என்னால் தாங்க முடியாது. மரண வீட்டிலும் கடைசிப் பாயில் இருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி வருகிற ஆள் நான்.

நாவலில் வருகிற இருவரும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்கிறார்கள். ஒருத்தி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். மற்றவள், தண்டவாளத்தில் வேலை செய்து இறந்துபோன ஒருவரின் மகள். முதலாமவள் நினைத்ததைச் சொல்வாள். மற்றவள் சொல்ல வந்ததையும் விழுங்கிவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ரயில் நிற்பதற்கு முன்பே முதலாமவள் குதித்து இறங்குவாள். மற்றவள் ரயில் முற்றாக நின்ற பிறகே படியில் கால் வைப்பாள். கடைசியில் ஒருத்தி தாதியாகி வெளிநாடு போகிறாள். மற்றவள் தம்பிமாரை வளர்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறாள். இரு தோழியரையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி எப்படியும் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். விடையையும் சொல்லி எழுதவைத்திருந்தார். ஒருத்தி காற்று, ஒருத்தி மண். ஒருத்தி துணிச்சல், ஒருத்தி அடக்கம்.

என் மகளுக்கு அந்த விடை மிகவும் பிடித்துப்போனது. ஏனென்றால் அவளுக்கும் ஒரு தோழி இருந்தாள்.

அந்தப் பிள்ளையின் குடும்பம் தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பிள்ளை பிறந்தது இங்கே, ஆலங்குடாப் பக்கத்து அகதி முகாமில். அவளுடைய உம்மா எங்கள் தோட்டத்துக்கு வெங்காய வேலைக்கு வருவார். அவரோடு சிறு வயதில் வந்து பாத்தி வரம்பில் விளையாடிய பிள்ளைதான், பிறகு என் மகளின் வகுப்பில் முதலாவதாக வரத் தொடங்கினாள். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னால் வெங்காயம் காயவைக்கிற தகரக் கொட்டில் ஒன்று உண்டு. பின்னேரங்களில் இரண்டு பேரும் அதற்குள் பாய் போட்டுப் படிப்பார்கள். நான் ஒரு பக்கம் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு நான் இருப்பது ஞாபகமே இருக்காது. எனக்கும் அதுதான் விருப்பம்.

"நான் காத்து, நீ மண்ணு. எழுது," என்றாள் என் மகள் ஒரு நாள்.

"மண்ணா? எங்கட கேம்ப்ல ஒரு சாண் மண்ணுக்குத்தான்டி கிழமைக்கு ஒரு சண்டை. சும்மா தாறண்டா தா, எடுத்துக்கிறன்."

"பாருங்க உம்மா, இஞ்ச வந்தா என்னா வாய்! வகுப்புல மட்டும் ஊமச்சி."

"நீ இருக்கிற வகுப்புல மத்தவங்க எங்கடி கதைக்கிற? வரிசையில நிண்டா?"

மகள் வெங்காயத் தாளால் அவளுக்கு எறிந்தாள். பிறகு அந்தப் பிள்ளை புத்தகத்தைப் புரட்டி, சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தை எடுத்து என் மகளின் மடியில் வைத்தாள்.

"இத வாசி. கோச்சியால குதிக்கக்குள்ள அவள்ட செருப்பு தண்டவாளத்துக்குள்ள விழுகுது. அண்டைக்கே அவள்ட அப்பா புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வாறாரு. வாசிச்சியா? மத்தவளுக்கு ஒரு சோடிதான் இருக்கு. அது விழுந்தா அவள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போறது எப்பிடி? அவள் பயத்துல நிக்கல்ல. செருப்புக்கு நிக்கிறாள்."

"டீச்சர்ட நோட்ஸ்ல அப்பிடி இல்லயே."

"நோட்ஸ்ல இல்லாட்டி புத்தகத்துல இல்லயா? ரெண்டு பேரையும் வீடு மாத்தி வளர்த்துப் பாரு. இவள் காத்தாப் போவாள், அவள் மண்ணாக் கிடப்பாள்."

நான் நாவலை இரண்டு தடவை வாசித்திருந்தேன். செருப்பு விழுந்த இடத்தை இரண்டு தடவையும் தாண்டிப் போயிருந்தேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை அறியாமல் கேட்டேன்.

"அப்ப புள்ள, என்னப் போல ஆக்கள்? எனக்கு செருப்பும் ஈந்திச்சு, ஊடும் ஈந்திச்சு. நான் ஏன் வாய் தொறக்காம வளர்ந்தன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கோச்சியில ஏறவே இல்லயே மாமி," என்றாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையில் நான் அதுவரைக்கும் ரயிலில் ஏறியதில்லை.

தவணைச் சோதனையில் அந்தப் பிள்ளை இந்தச் செருப்பு விடையையே எழுதினாள். டீச்சர் பாதிப் புள்ளிதான் போட்டார். அவள் கோபப்படவில்லை. பெரிய சோதனையில் நோட்ஸில் உள்ளதைத்தான் எழுதுவேன், எனக்குப் பாஸாக வேண்டும், அதற்கு மேல் ஏ.எல். படித்து டீச்சராக வேண்டும், பிறகு என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செருப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். அவள் எதையும் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒன்றை மட்டும் சொல்லும்போது முகம் வேறு மாதிரி இருக்கும்.

நாட்டில் சண்டை முடிந்து, காட்டு வழியாக மன்னாருக்குப் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. முகாமிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக ஊர் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து, வீடு இருந்த இடத்தில் பெரிய மரம் நிற்கிறது, கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னார்கள். இருபது வருஷத்துக் காடு. அதை வெட்டிக் குடிசை போட்டு இருந்து காட்டினால்தான் காணியும் கல்வீடும் கிடைக்கும் என்று கதை பரவியது. வந்து இருக்கிறார்களா, இல்லை பெயருக்குக் குடிசை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் பதிய அரசாங்க ஆட்கள் வருவார்களாம்.

அங்கேதான் ஒரு நம்பிக்கை எல்லோருடைய மனதிலும் ஊன்றிப்போனது. ஆண் மட்டும் தங்குகிற இடத்தை அவர்கள் வாடி என்றுதான் சொல்வார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களும் விறகு வெட்டப் போகிறவர்களும் சில மாதம் தங்கிவிட்டுக் கலைத்துவிட்டு வருகிற இடம் வாடி. அங்கேயும் அடுப்பு எரியும், ஆனால் அது வீட்டு அடுப்பு இல்லை. ஒரு பெண் இருந்து அடுப்பு எரித்தால்தான் அது வீடு. தங்களுக்குள் வழக்கமாக இருந்த இந்தக் கணக்கைத்தான் பதிய வருகிறவர்களும் பார்ப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால் காடு வெட்டப்போன ஒவ்வொரு ஆணின் பின்னாலும் ஒரு பெண் போனார். மனைவி போக முடியாத வீட்டில் தங்கை போனார், விதவையான மாமி போனார்.

அந்தப் பிள்ளையின் தம்பிக்கு இழுப்பு. மாதா மாதம் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காட்டுக்குள் வைத்து மூச்சு முட்டினால் யாரிடம் ஓடுவது? ஆகவே உம்மா போக முடியாது. இரண்டாம் தவணை விடுமுறையில் ஒரு நாள் என் மகள் அழுதுகொண்டு வந்தாள்.

"அவளக் கூட்டிட்டுப் போகப்போறாங்களாம் உம்மா. அவள்ட வாப்பாவுக்குச் சோறாக்க. நீங்க போய்க் கதைங்க."

"நானா? வாப்பாவப் போகச் சொல்லு."

"வாப்பா போனா, தோட்டக்காரர் வந்திட்டாரு எண்டு அவங்க கதிரை தேடி ஓடுவாங்க. கதை நடக்காது. நீங்கதான் போகணும்."

போனேன். முகாம் வாசல் வரைக்கும் என்ன பேசுவது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கிடுகு வேலிக்கு மேலால், கடற்பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்றபடி பறக்கவிடுகிற பெரிய பட்டங்கள் தெரிந்தன. பிள்ளையின் உம்மா வாசலில் விரித்த பாயைத் தட்டிவிட்டு என்னை இருக்கச் சொன்னார். பிளேன்டீ வந்தது. நான் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோய், நேராகச் சொல்லிவிட்டேன்.

"புள்ளய எங்கட ஊட்டுல உடுங்க. சோதனை முடியும் மட்டும். என்ட மகளோட படுப்பாள், அவளோட சாப்பிடுவாள்."

"உங்களுக்கு அல்லாஹ் கூலி தருவான் ராத்தா. ஆனா அங்க அடுப்பு எரிய வேணும். வாப்பாவும் மகனும் மட்டும் எண்டா வாடி எண்டு வெட்டிருவாங்க. மூத்தவன் காடு வெட்டுறான், கல்லு பொறுக்குறான். எரிக்க ஆள்தான் இல்ல."

"நீங்க போனா, சின்னவன நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவரும் என்னைப் பார்த்தார். சிறியவன் அவர் மடியில்தான் படுத்திருந்தான். நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"இவன் என்னை விட்டு ஒரு இரவு இருக்க மாட்டான் ராத்தா. பயந்தா இழுப்பு வந்திரும்."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். ஆனாலும் எழும்பி வரவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழி கண்டோம். பிள்ளை இப்போது போகட்டும், புத்தகங்களைக் கொண்டு போகட்டும். மார்கழியில் சோதனை நாட்களில் மட்டும் உம்மா சிறியவனோடு போய் அடுப்படியில் இருப்பார். பிள்ளை அவர் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்து, எங்கள் வீட்டில் தங்கி எழுதுவாள். அவ்வளவு நாளைக்குச் சிறியவனைக் காட்டில் வைத்துச் சமாளிக்கலாம் என்று உம்மா ஒத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் கதைத்த கதைக்கு அளவே இல்லை. கணவர் என்னைப் பார்த்து, "இண்டைக்கு என்னா, றேடியோவ முழுங்கிட்டியா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தைப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற காலையில் அவள் படலையில் நின்று, நாவலைத் தான் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். பள்ளிக்கூடம் தந்ததில் அவளுடைய பிரதியின் நடுப் பக்கங்கள் கிழிந்திருந்தன. என் மகள் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அந்தக் கிழிந்ததை எடுத்துக்கொண்டாள்.

அங்கே போன் எடுப்பதென்றால் ஒரு பாலை மரத்தடிக்குப் போக வேண்டுமாம். வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கிருந்து பேசுவாள். தண்ணீர் தூரம், விறகு ஈரம், புகைக்குள் இருந்து படிப்பதால் கண் எரிகிறது என்பாள். பிறகு கணக்கில் சந்தேகம் கேட்பாள். என் மகள் கணக்கில் மட்டம். டீச்சரிடம் கேட்டு வந்து அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வாள்.

மார்கழி வந்தது. மழையும் வந்தது. மன்னாருக்குப் போகிற காட்டுப் பாதையில், இலவங்குளத்துக்கு அப்பால், ஆற்றைக் கடக்கத் தாழ்ந்த சப்பாத்துப் பாலம் ஒன்று இருக்கிறது. ஆறு பெருகினால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் ஓடும். சோதனைக்குச் சில நாள் இருக்கும்போதே உம்மா சிறியவனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். ஆற்றடியில் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் போனார். அடுத்த நாளும் திருப்பினார்கள். அந்தக் கரையில் பிள்ளை பையைக் கட்டி வைத்துக்கொண்டு இருந்தாள். தனியாக அநுராதபுரம் சுற்றியாவது வந்துவிடுகிறேன் என்று அவள் வாப்பாவிடம் கேட்டிருக்கிறாள். பதிகிறவர்கள் அந்தக் கிழமைதான் வரப்போகிறார்கள் என்று ஊரில் கதை. உம்மா வந்து அடுப்படியில் நுழைந்த பிறகு போ என்று வாப்பா சொல்லிவிட்டார்.

உம்மா கடைசியில் அந்தச் சுற்றுப் பாதையால்தான் போனார். பஸ் மாறி, பஸ் மாறி, நனைந்த பிள்ளையோடு அவர் போய்ச் சேர்ந்தபோது இங்கே சோதனை தொடங்கிவிட்டது. இனி வந்து என்ன, அடுத்த வருஷம் எழுதட்டும் என்று முடிவு செய்தார்கள். உம்மா சிறியவனுடன் திரும்பி வந்தார். அவள் வரவில்லை.

சோதனை மண்டபத்தில் அவளுடைய மேசை என் மகளின் மேசைக்கு முன்னால் இருந்ததாம். சுட்டெண் ஒட்டியிருந்ததாம். ஒவ்வொரு நாளும் அந்த வெறும் மேசையிலும் ஒரு வினாத்தாளை வைத்துவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு போவார்களாம். இலக்கியத்தில் இரு தோழியரையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வந்திருந்தது. மகள் நோட்ஸில் இருந்ததை எழுதினாள். காற்று என்றும் மண் என்றும் எழுதிவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

தைமாதம் கழிந்து அறுவடை தொடங்கியபோது, அந்த உம்மா எங்கள் கொட்டிலில் வெங்காயம் கட்ட வந்தார். பதிகிறவர்கள் வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்தாங்க ராத்தா. இப்ப போன கிழமைதான் வந்தாங்க. கூரையைப் பார்த்தாங்க. அவர்ட அடையாள அட்டையைப் பார்த்தாங்க. போயிட்டாங்க."

"அடுப்ப?"

"அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்ல." அவருடைய கை வெங்காயத்தைக் கட்டிக்கொண்டே இருந்தது. "பக்கத்துக் காணியில ஒரு மனிசன் தனியத்தான் இருக்கிறாரு. பொண்டாட்டி செத்தவரு. அவரையும் பதிஞ்சிட்டாங்க. எங்களுக்கு ஆரு சொன்னது அப்பிடி எண்டு இப்ப தேடினா, ஒருத்தரும் சொல்லல்ல. எல்லாரும் கேள்விப்பட்டதுதான்."

"அப்ப புள்ளயக் கூப்பிடுங்களன். இனி என்ன?"

"கூப்பிடத்தான் வேணும்," என்றார்.

அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் அங்கே கோழி வாங்கியிருந்தார்கள். வேலி ஓரத்தில் கச்சான் கடலை விதைத்திருந்தார்கள். கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியதும், மேசனுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒவ்வொன்றுக்கும் அவள் தேவைப்பட்டாள். மனம் கெட்ட ஒருவர்கூட இந்தக் கதையில் இல்லை. யாரையாவது திட்ட முடிந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த மார்கழியும் அவள் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைப் போன் குறைந்து, பிறகு பெருநாளுக்கு மட்டும் என்றானது.

என் மகள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்காக அந்தப் பிள்ளை இங்கே வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். கறுத்து, மெலிந்து, உயரமாகியிருந்தாள். கொட்டிலில் பாய் போட்டு இருவரையும் இருத்திவிட்டு, நான் வட்டிலப்பம் வெட்டிக் கொண்டுபோனேன். மகள் பள்ளிக்கூடக் கதை, டீச்சர் மாறிப்போன கதை, ஒருத்தி கலியாணம் கட்டிய கதை எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முன்பென்றால் மகள் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். வகுப்பில்தானே ஊமைச்சி, இங்கே வந்தால் வாய் திறக்கிற பிள்ளை. இப்போது இங்கேயும் வகுப்பில் இருப்பதுபோல் இருந்தாள். வீட்டை மாற்றி வளர்த்துப் பார் என்று அவள் சொன்னது சரியாகிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளை சொன்னதில் அது ஒன்றாவது பிழையாகப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மகள் உள்ளே போன நேரம் பார்த்து நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"புள்ள, இன்னும் வயசு போகல்ல. பள்ளிக்கூடத்துக்கு வெளியால இருந்து சோதனை எழுதலாமாம், டீச்சர்கிட்டக் கேட்டன். இஞ்ச வந்து இரு. என்ட மகள் உனக்குச் சொல்லித்தருவாள்."

"கணக்குமா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சொன்ன பகிடி அது ஒன்றுதான்.

"கணக்குக்கு வேற ஆளப் பிடிப்பம். வாறியா? உன்ட உம்மாவோட நான் கதைக்கிறன். வாப்பாவோடயும் கதைக்கிறன்."

உண்மையாகவே கதைத்திருப்பேன். அந்த வாப்பாவோடு நான் ஒரு நாளும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஆனாலும் பஸ் ஏறிப் போய், அந்தக் காட்டுக்குள் நின்று கதைத்திருப்பேன்.

அவள் வட்டிலப்பத் தட்டைப் பாயில் வைத்தாள்.

"நான் வந்தா அங்க அடுப்பு ஆரு மாமி எரிக்கிற?"

உம்மா இதைச் சொன்ன நாளில் எதிர்த்துப் பேச எனக்கு வாய் இருந்தது. இப்போது யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. கேள்வி அவளுடையதாகவே ஆகிவிட்டது. அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் என் கையைத் தொட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். நானும் மகளும் ரோட்டு வரைக்கும் போனோம். பஸ் வந்ததும் அவள் ஏறி, இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் கை காட்டிக்கொண்டே இருந்தாள். ஆட்கள் மறைத்ததால் அவள் கண்டாளா என்று தெரியவில்லை. நாங்கள் திரும்பி வீட்டுக்கு நடந்தோம்.